அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து

"நீங்க என்ன மாத்தினீங்கன்னு எழுதி, கையெழுத்துப் போட்டுத் தாங்க," என்று சேந்தனிடம் கேட்டேன்.

எங்கள் வீட்டில் இந்தப் பேச்சு மட்டும் தடை. வேலையில் மேலே இருக்கிறவனிடம் வாயால் கேட்கலாம். கெஞ்சலாம். தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு போயும் கேட்கலாம். எழுத்தில் மட்டும் கேட்கக் கூடாது. எழுத்தில் கேட்டால் அவனை நம்பவில்லை என்று அர்த்தம், அன்றிலிருந்து அவன் பகையாளி. மடுல்சீமைத் தோட்டத்தில் இருந்த பெரியப்பா அப்படிக் கேட்டார். மறுநாளே மலை உச்சியில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போட்டார்கள், ஆறு மாதத்தில் தோட்டத்தை விட்டே போனார். நான் பட்டம் வாங்கி வேலையில் சேர்ந்தபோது அப்பா வேறு புத்தி எதுவும் சொல்லவில்லை. "ஆபீஸ்ல யாருகிட்டயும் எழுதித் தாங்கன்னு மட்டும் கேட்றாதம்மா," என்றார்.

கேட்டுவிட்டேன். சேந்தன் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தான். அதற்கு முந்தின வாரம் வரை இவனை 'அவர்' என்றுதான் எழுதியிருப்பேன்.

இது நடந்தது 2004 நவம்பரில். பதுளை டவுனில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் எங்கள் கம்பனி. சேந்தன் கம்பஸில் எனக்கு மூன்று வருடம் முந்தியவன். அவனுடைய அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பதுளையில் டாக்டராக இருந்தவர். படிப்பு முடிந்து நான் வேலை தேடி அலைந்தபோது, "கம்பைலர் எழுதத் தெரிஞ்ச ஆள் எனக்கு வேணும், நீர் வாரும்," என்று கூப்பிட்டான். வந்தேன். பின்னறையில் ஜெஸீமா சர்க்கிட் போர்டுகளுக்கு ஈயம் வைப்பாள். முழு நேர ஆட்கள் நாங்கள் மூன்று பேர்தான்.

நாங்கள் செய்தது தேயிலை ஃபாக்டரிகளில் கொழுந்து வாட்டுவதற்கு ஒரு மெஷின். பறித்த கொழுந்தை நீளத் தொட்டியில் ஒரு அடி உயரத்துக்குப் பரப்பி, அடியிலிருந்து ஃபேனால் காற்று ஊதி வாட்டுவார்கள். காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்க்க இரண்டு வெப்பமானிகள். ஒன்று சும்மா தொங்கும், மற்றதில் ஈரத்துணி சுற்றியிருக்கும். ஈரத்துணி இருப்பது எப்போதும் கொஞ்சம் குறைவாகக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் அதிகம் என்றால் காற்று நன்றாகக் காய்ந்திருக்கிறது, ஃபேனைச் சற்று நிறுத்தலாம். வித்தியாசம் குறைந்தால் பனி இறங்கிவிட்டது, ஃபேனை ஓடவிட்டு, சூட்டுக் காற்றையும் திறக்க வேண்டும்.

எத்தனை டிகிரியில் என்ன செய்வது என்பது ஃபாக்டரிக்கு ஃபாக்டரி மாறும். அதனால் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கர்களே விதிகளை எழுதிக்கொள்ள ஒரு சின்ன மொழி செய்தோம், தமிழில் ஒன்று, சிங்களத்தில் ஒன்று. மெஷினில் போடும் சிப்பும் இரண்டு வகை, பழையது ஒன்று, மலிவானது ஒன்று. இரண்டு மொழிக்கும் இரண்டு சிப்புக்கும் நடுவே எல்லாவற்றுக்கும் பொதுவான இடைநிலை வடிவம் ஒன்று வேண்டும். யார் எந்த மொழியில் எழுதினாலும் கம்பைலர் முதலில் அதை இந்த நடு வடிவத்துக்குக் கொண்டுவரும், பிறகுதான் சிப்புக்கு இறக்கும். அந்த நடு இடம் முழுக்க என் வேலை.

அங்கே ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு வகை உண்டு. சிப்புக்குள் இருப்பது வெறும் பதினாறு பிட், ஒன்றும் பூச்சியமும். பதினாறும் ஒன்றாக இருந்தால் அதை மைனஸ் ஒன்று என்றும் படிக்கலாம், அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தைந்து என்றும் படிக்கலாம். பிட்டுகளைப் பார்த்து எது என்று சொல்ல முடியாது. எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்வதற்குத்தான் வகை. நான் இரண்டு வைத்தேன். பூச்சியத்துக்குக் கீழேயும் போகக்கூடிய எண்ணுக்கு 'இருபக்கம்', போகவே முடியாத எண்ணுக்கு 'ஒருபக்கம்'. வெப்பநிலை வித்தியாசத்தை இருபக்கத்தில் போட்டேன்.

சேந்தனுக்கு அது வீண்செலவாகத் தெரிந்தது. "ஈரத்துணி எப்பவும் குறைவாத்தானே காட்டும்? பிறகு வித்தியாசத்தில மைனஸ் எங்க இருந்து வரும்?" என்று கேட்டான்.

"பெரகலையில பனி இறங்கினா ரெண்டும் ஒரே அளவு காட்டும். வெப்பமானி ஒரு புள்ளி முன்னப் பின்ன காட்டினா போதும், மைனஸ் வந்துரும்."

"சரி சரி, உம்மட ஊர்ப் பனிக்கு உம்மட வகை," என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

முதல் மெஷினைப் பூட்டியது பெரகலைக்கு மேலே, என் அப்பா வேலை செய்கிற ஃபாக்டரியில். அப்பா பெயர் பொன்னையா. இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. பூட்டி முடித்த அன்று சேந்தன் தோட்டத்து வரிசை வீடுகளில் எங்கள் லயத்துக்கு வந்து, அம்மா சுட்ட ரொட்டியை மாசிச் சம்பலோடு நாலு தின்றான். ஐந்தாவதும் கேட்டான்.

"இனி சுவிட்சைத் தொட வேண்டாம் ஐயா. மெஷின் தானாப் பாத்துக்கொள்ளும்," என்றான் அப்பாவிடம்.

"அப்ப நான் என்னாங்க தம்பி செய்யிறது?"

"நீங்கள் பாத்துக்கொண்டு இருங்கோ."

"சும்மா பாக்குறதுக்கு யாருங்க பேர் போட்டுச் சம்பளம் தருவா?" என்று அப்பா சிரித்தார். நான்தான் சிரிக்காமல் திரும்பத் திரும்பச் சொன்னேன். "தொடாதீங்க அப்பா. நான் செஞ்சது. தப்பா ஓடாது."

அக்டோபரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். மூன்று நாள் லீவு எடுத்தேன். ஒவ்வொரு மெஷினுக்கும் பரிசோதனைப் படிவத்தில் என் கையெழுத்து வேண்டும். சேந்தன் கேட்டான் என்று ஐந்து வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனேன். அது என் முட்டாள்தனம். அதை யார் தலையிலும் கட்டப் போவதில்லை.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு வீட்டுக்குப் போனேன். அப்பா அலமாரிக்குள்ளிருந்து ஒரு நீளக் கவரை எடுத்துக் கொடுத்தார். நாலு நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. இங்கிலீஷ் கடிதம் என்பதால் எனக்காகக் காத்திருந்தார்களாம்.

"என்னாம்மா எழுதியிருக்கு?"

படித்தேன். ஃபாக்டரி மெனேஜர் அனுப்பிய குற்றச்சாட்டுக் கடிதம். பொன்னையா என்பவர் வேலை நேரத்தில் ஃபேனைக் கையால் நிறுத்தியதால் ஒரு தொட்டிக் கொழுந்து முழுவதும் பழுதாகிவிட்டது. வரும் வியாழன் பகல் இரண்டு மணிக்கு விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை நீக்கம். வேலை போனால் லயத்து வீடும் போகும், அதைக் கடிதத்தில் எழுதத் தேவையில்லை.

"நான் நிப்பாட்டலம்மா," என்றார் அப்பா. "பனின்னா பனி, பக்கத்துத் தொட்டி தெரியல. ஃபேன் அதுவா நின்னுச்சு. சரி, மெஷினுக்குத் தெரியுமாக்கும்னு நின்னேன். ஓடவே இல்ல. கொழுந்துக்குள்ள கைய விட்டா அடுப்பு மாதிரி கொதிக்குது. சுவிட்சு இந்தா, கையெட்டுற தூரம். தொடாதன்னு அந்தத் தம்பியும் சொன்னாரு, நீயும் சொன்ன. தொடல. ஆள விட்டு டீமேக்கரய்யாவக் கூப்புட்டேன். அவரு வந்து பாக்குறப்ப எல்லாம் செவந்து போச்சு."

"ஆள் விட்டீங்கன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். தூங்கிட்டு இப்ப கதை சொல்றியாங்கிறாரு மெனேஜரு."

கவரில் இரண்டாவது தாள் ஒன்று இருந்தது. எங்கள் கம்பனி ரிப்போர்ட். மெஷின் முழுமையாகச் சோதிக்கப்பட்டது, எந்தப் பழுதும் இல்லை, ஃபேன் கையால் நிறுத்தப்பட்டது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. அடியில் கையெழுத்து, பொ. கலாராணி. என் கையெழுத்து, நான் போட்டதுதான். அதற்கு மேலே இருந்ததில் ஒரு எழுத்துக்கூட என்னுடையது இல்லை.

அம்மா கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். "அடியில யாரு கையெழுத்து போட்டிருக்கா?" என்று கேட்டாள்.

"யாராச்சும் பெரிய எஞ்சினியரா இருக்கும்," என்றார் அப்பா. "என்னாம்மா?"

"ஆமாப்பா," என்றேன். பொய் இல்லை. அதனால்தான் வாய் கசந்தது.

திங்கள் காலை சேந்தன் கொழும்பில். ஃபாக்டரியில் ஓடிக்கொண்டிருக்கும் விதிக் கோப்பை எடுத்து, கம்பைலரில் போட்டு, நடு வடிவத்தை மட்டும் திரையில் கொண்டுவந்தேன். நான் எழுதியதை நானே அடையாளம் காண முடியவில்லை. 'இருபக்கம்16', 'ஒருபக்கம்16' எதுவும் அங்கே இல்லை. எல்லா எண்ணுக்கும் ஒரே வகை, வெறும் '16'.

"என்னா புள்ள, பேயடிச்ச மாதிரி ஈக்கிறீங்க?" என்று ஜெஸீமா எட்டிப் பார்த்தாள்.

"பழைய பிரிண்ட் ஏதாவது இருக்கா? ஆகஸ்ட்ல எடுத்தது?"

"அதெல்லாம் போர்டு சுத்தத்தானே எடுத்த." பின்னறைக்குப் போனவள், அனுப்புவதற்குச் சுற்றிவைத்த நாலு போர்டுகளை அவிழ்த்து, கசங்கின தாள்களைக் கொண்டுவந்தாள். மூன்றாவது தாளில் இருந்தது. மேசையில் வைத்து உள்ளங்கையால் தேய்த்தேன்.

ஆகஸ்ட்: வித்தியாசம் : இருபக்கம்16 = உலர் − ஈரம்

இப்போது: வித்தியாசம் : 16 = உலர் − ஈரம்

அடுத்த வரியைப் பார்த்தேன். வித்தியாசம் எவ்வளவு என்று ஒப்பிடும் வரி. அதிலும் மைனஸைப் பற்றி ஒன்றும் இல்லை. இரண்டு அளவையும் நானே கொடுத்து ஓட்டினேன். உலர் 181, ஈரம் 182, பத்தில் ஒரு டிகிரிக் கணக்கு, அதாவது பதினெட்டுச் சொச்சம் டிகிரி, ஒரே ஒரு புள்ளி தலைகீழ். வித்தியாசம் 65535 என்றது. காற்று எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது என்று மெஷின் முடிவு கட்டி, ஃபேனை நிறுத்தியது. பனி இருக்கும் வரை திரும்ப ஓட்டவில்லை. பதுளை டவுன் வெயிலில் எத்தனை நாள் சோதித்தாலும் இது வராது. பெரகலைப் பனிக்குத்தான் வரும்.

கோப்பு மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தேன். அக்டோபர் பதின்மூன்று. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நான் பாயில் உட்கார்ந்திருந்த நாள்.

சேந்தன் புதன் மாலை வந்தான், வியாழன் காலை கேட்டேன்.

"எதை எழுதித் தாறது?" என்றான்.

"ரெண்டு வகையையும் ஒண்ணாக்கினத. என்னிக்கு, எதுக்கு, யாரு செஞ்சதுன்னு."

"பெரிய கம்பைலர்கள் நிறைய அப்பிடித்தானே கலா. வகையில மைனஸ் இருக்காது. உமக்குத் தெரியாததே?"

"தெரியும். வகையில இல்லாட்டி ஒப்பிடுற கட்டளையில இருக்கும். மைனஸோட ஒப்பிடுறதுக்கு ஒண்ணு, மைனஸ் இல்லாம ஒண்ணுன்னு. நீங்க ரெண்டு எடத்துலயும் எடுத்துட்டீங்க."

பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, திரும்ப மூடினான். "சின்னச் சிப்பில இடம் காணேல்லை. அடுத்த நாள் டெமோ. பிறகு பெரகலை மெஷினுக்கும் அந்தச் சிப்தான் போனது. உம்மை ஆஸ்பத்திரியில தொந்தரவு செய்ய எனக்கு மனமில்லை."

"சரி. பிழை விட்டீங்க, யாரும் விடலாம். நானா இருந்தாலும் விட்டிருப்பேன். ரிப்போர்ட்டை எதுக்கு என் கையெழுத்துல அனுப்பினீங்க?"

"நீர்தானே போட்டுத் தந்திட்டுப் போனீர்."

"டெஸ்ட் பண்ணின மெஷினுக்குத் தந்தேன். எங்கப்பா வேலையத் தொலைக்கிறதுக்குத் தரல."

"எனக்கு அப்ப ஆர் ஆளெண்டு தெரியாது. மெனேஜர் ஆளின்ர நம்பரைத்தான் தந்தவர், பேரில்லை."

பின்னறையில் ஈயப் புகை நின்றது. "பொய் பேச வேணாம் சேர்," என்று ஜெஸீமாவின் குரல் வந்தது. "கலாராணிட வாப்பாதான்டு மெனேஜர் சொன்னாரே. ஸ்பீக்கர்ல போட்டுத்தானே பேசின நீங்க?"

"ஜெஸீமா, நீர் உம்மட வேலையைப் பாரும்."

"வேலதானே பாக்குறேன். காது சும்மாதானே ஈக்கிது."

அப்போது அவன் முகத்தைப் பார்த்தேன். வெட்கம் இருக்கும் என்று நினைத்தேன். எரிச்சல்தான் இருந்தது, பஸ் பிந்தினவன் முகத்தில் இருக்குமே அந்த மாதிரி. அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஐந்தாவது ரொட்டி கேட்டவன் தெரிந்தே எழுதியிருக்கிறான். அதுவரை எனக்குள் ஒரு மூலையில், தெரியாமல் செய்திருப்பான் என்று ஒரு நினைப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. அது அங்கேயே செத்தது.

"கலா, இரும். இருந்து கேளும்." நாற்காலியைக் காட்டினான். நான் உட்காரவில்லை. "பதினொரு ஃபாக்டரி எங்களிட்ட மெஷின் கேட்டிருக்கு. வாற மாசம் கையெழுத்து. இப்ப முதல் மெஷினிலேயே பிழையெண்டு ஒத்துக்கொண்டால் ஒருத்தரும் வாங்க மாட்டினம். கம்பனி இல்லை. எனக்கும் இல்லை, உமக்கும் இல்லை, அந்தா கத்துறாவே, அவவுக்கும் இல்லை. பிழையை நான் அடுத்த மாசம் சத்தமில்லாமல் திருத்திப் போடுவன்."

"எங்கப்பா?"

"மெனேஜரோட கதைச்சிருக்கிறன். எச்சரிக்கையோட விடலாம் எண்டவர். விடாட்டியும் பரவாயில்லை, மாசாமாசம் அவற்ற சம்பளத்தை நான் தாறன்."

"லயத்து வீட்டையும் மாசாமாசம் தருவீங்களா?"

"இப்பிடிக் கதைச்சால் எப்பிடி?"

"உங்கப்பாவா இருந்தா இந்த மாதிரி எழுதியிருப்பீங்களா?"

"என்ர அப்பா ஏன் அங்க போய்க் கொழுந்து வாட்டப் போறார்?"

அவன் யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான். பட்டென்று வந்தது. உள்ளே எப்போதும் தயாராக இருந்த ஒன்றுதான் அப்படிப் பட்டென்று வரும். கம்பஸில் எத்தனை பேர் எத்தனை விதமாக என்னைத் தோட்டக்காட்டாள் என்று இளக்காரமாகச் சொன்னார்கள். அவர்களிடம் எனக்குக் காவலாக நின்று சண்டை போட்டவன் இவன். நடு வடிவத்தைப் பற்றி வெள்ளைப் பலகையில் மணிக்கணக்காக என்னோடு வாதாடியவன். வாதத்தில் நாங்கள் சமம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் அந்த அர்த்தத்தில சொல்லேல்லை," என்றான் உடனே.

"எந்த அர்த்தத்துல சொன்னீங்களோ, அது வெளங்கிருச்சு. எழுதித் தருவீங்களா மாட்டீங்களா?"

"மாட்டன்." குரல் இறுகியது. "எழுத்தில ஒரு சொல்லும் என்னட்ட இருந்து வராது. அந்தப் பிரிண்ட்டெல்லாம் கம்பனிச் சொத்து, அதையும் வெளிய கொண்டுபோக ஏலாது. அங்க போய் என்ன சொல்லப் போறீர்? தகப்பனைக் காப்பாத்த மகள் வந்து பொய் சொல்லுறாள் எண்டுவினம். அவையிட்ட இருக்கிறது உம்மட கையெழுத்து. அது உம்மட அப்பாவுக்குத் தெரியுமே?"

தெரியாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பான்.

"இன்னைக்கு மத்தியானம் தெரியும்," என்றேன். "விசாரணைக்கு முன்னால நானே சொல்லுவேன். வெறும் தாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்தது என் தப்புன்னு மெனேஜர்கிட்டயும் சொல்லுவேன்."

"அதால ஒண்டும் நிரூபிக்க ஏலாது."

"நிரூபிக்கத் தாள் எதுக்கு?" கசங்கின பிரிண்ட்டை அவன் மேசையில் வைத்தேன். "எல்லாரையும் மாடிக்குக் கூட்டிட்டுப் போவேன். ஈரத்துணிய இந்த வெப்பமானியில இருந்து கழட்டி அந்த வெப்பமானியில சுத்துவேன். அஞ்சு நிமிசம். மெஷின் உலர்னு படிக்கிறது குறைவாக் காட்டும், வித்தியாசம் மைனஸ்ல போகும், உங்க மெஷினே எல்லாருக்கும் முன்னால ஃபேனை நிப்பாட்டும். எங்கப்பா கைய கட்டிக்கிட்டுத் தள்ளி நிப்பாரு."

சேந்தன் எழுந்தான். முதல் தடவையாக அவன் நிறம் மாறியது. இந்த வழியை அவன் யோசிக்கவில்லை. அவன் அந்த மாடியில் ஒரே ஒரு பகல்தான் நின்றிருக்கிறான்.

"கலா, பதினொரு ஃபாக்டரியும் போகும். விளங்குதே? உம்மட பேரும் போகும். பொய்ச் சான்றிதழ் குடுத்த எஞ்சினியருக்கு இந்த நாட்டில ஆர் வேலை தருவினம்?"

இருக்கலாம். மூன்று நாளாக அதையும் சேர்த்துத்தான் யோசித்தேன். எங்கள் லயத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், முதலில் அதைக் கெடுத்துக்கொண்டவளும் நானாகவே இருக்கலாம். அம்மா அழுவாள். அப்பா என்ன செய்வார் என்று தெரியவில்லை. என் கையெழுத்தைக் கேள்விப்பட்டதும் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனாலும் போவார். அதற்கும் பிறகு அவருக்கு வேலை இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இப்போது வேண்டும்.

குடையையும் பையையும் எடுத்தேன். ஜெஸீமா பின்னறை வாசலில் ஈயக்கம்பியோடு நின்றாள்.

"புள்ள, சாப்பிட்டுப் போங்களேன். வெறும் வயித்தோட பஸ்ல ஏற வேணாம்."

"பதினொரு மணிக் கொழும்பு பஸ்ஸைப் பிடிக்கணும் ஜெஸீமா. விட்டா ரெண்டு மணிக்குப் பெரகலைக்குப் போய்ச் சேர முடியாது."

"கலா, நில்லும்," என்றான் சேந்தன். "நான் ஃபோன் எடுத்துக் கதைக்கிறன், நில்லும்."

கதவைத் திறந்து வெளியே வந்தேன். மாடிப்படி செங்குத்து. பின்னால் அவன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், கீழே மருந்துக்கடையில் நின்றவர்கள் நிமிர்ந்து பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. நான் இரண்டிரண்டு படியாக இறங்கி, ரோட்டைக் கடந்து, பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தேன்.